பிராம்டர் கிடையாது

தூதுவருக்கு வசனம் மனதில் நிற்காது. இதை நாடகம் பார்க்கிறவர்கள் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். இருபத்து நான்கு வருஷம் மேடையில் நின்றவர், பதினான்கு நாடகங்களை இயக்கியவர், அரசாங்க விருது வாங்கியவர், இன்றைக்குக் கலாசாரத் துறையில் இணை இயக்குநராக உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர், அவருக்கா நிற்காது? நிற்காதுதான். குளியலறையில் முழு நாடகத்தையும் பிசிறில்லாமல் சொல்லுவார். மேடை விளக்கு முகத்தில் விழுந்ததும் பாதி காணாமல் போய்விடும்.

தூதுவர் என்பது பட்டப்பெயர். ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயதில், ஒரு நாடகக் குழுவில் போய் ஒட்டிக்கொண்டார். முதல் வேடம் தூதுவன். ஓடிவந்து, “மன்னா, கோட்டை விழுந்துவிட்டது” என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். ஓடிவந்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மன்னர் வேடக்காரர் கண்ணாலேயே மிரட்டுகிறார். அப்போது பக்கத்துக் கறுப்புத் திரைக்குள்ளிருந்து ஒரு குரல், இவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “மன்னா, கோட்டை” என்றது. மிச்சத்தை இவர் தழுதழுத்தபடி சொல்லி முடித்தார். கெட்ட சேதியைச் சொல்ல நா எழாமல் தவிக்கிற விசுவாசமான தூதுவன் என்று நினைத்துக்கொண்டு சபை கைதட்டித் தீர்த்துவிட்டது. அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் தூதுவர்தான்.

திரைக்குள் இருந்தவர் அக்கா. குழுவில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் அக்கா. தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் வேலை பார்த்தவர், நாடகப் பிரதியைத் தட்டச்சு செய்து கொடுக்க வந்து, ஒத்திகையில் யாரோ வசனத்தை மறந்தபோது பார்க்காமலே எடுத்துக் கொடுத்து, அப்படியே பிராம்டர் ஆகிவிட்டார். மறைவில் உட்கார்ந்து, நடிகர் தடுமாறினால் வசனத்தை எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒரு குட்டை முக்காலி, நீலத்தாள் சுற்றிய டார்ச் விளக்கு, மடியில் பிரதி. அக்கா கிசுகிசுக்க மாட்டார். கிசுகிசுத்தால் உஸ் உஸ் என்ற சத்தம் ஐந்தாவது வரிசை வரைக்கும் போகும். குரலை நெஞ்சுக்குள் இறக்கி, முதல் இரண்டு வார்த்தையை மட்டும், அதுவும் நடிகர் மூச்சை விட்டு முடித்த பிறகுதான் கொடுப்பார். கை தேர்ந்த வேலை. ஆனால் நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது, தெரிந்துவிட்டால் நன்றாகச் செய்யவில்லை என்று அர்த்தம். என்ன பிழைப்போ!

தூதுவர் மளமளவென்று மேலே வந்தார். தன் மகனுக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் தகப்பன் வேடம் அவரை எங்கேயோ கொண்டு போனது. கூண்டில் ஏறி நிற்பார். “நீ பார்த்ததைச் சொல்” என்று வக்கீல் கேட்பார். தூதுவர் நிற்பார், நிற்பார், நின்றுகொண்டே இருப்பார். சபையில் ஈ பறந்தால் கேட்கும். பிறகு, “பார்த்தேன் ஐயா. பார்த்துவிட்டுத்தான் இத்தனை நாளும் வாய் திறக்காமல் இருந்தேன்” என்பார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அந்த மௌனத்தைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதினார் ஒருவர். ஒரு தகப்பனின் மொத்த வாழ்க்கையும் அந்த மௌனத்துக்குள் இருக்கிறதாம். அதற்குள் இருந்ததெல்லாம் தூதுவரின் பயமும், அவர் மூச்சு விடுவதற்காகக் காத்திருந்த அக்காவும்தான். நூற்று எழுபது தடவை அந்த நாடகம் நடந்தது. நூற்று எழுபது தடவையும் அதே இடத்தில்தான் அவருக்கு வசனம் போனது.

முப்பத்தைந்து வயதில் குழுவை அவரே நடத்த ஆரம்பித்தார். அந்தச் சமயம் போட்டிக் குழு ஒன்றின் நாடகத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. அவர்களுடைய பிராம்டர் உருக்கமான காட்சியில் கத்தித் தொலைத்துவிட்டார். செத்துக்கிடந்த கதாநாயகி உள்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒரு வாரம் ஊரெல்லாம் இதே பேச்சு. தூதுவருக்கு மூளை வேலை செய்தது. தங்கள் அடுத்த நாடகத்தின் துண்டறிக்கையில், நடிகர் பெயர்களுக்கு மேலே, பெரிய எழுத்தில் ஒரு வரி போட வேண்டும் என்றார்: எங்கள் நாடகங்களில் பிராம்டர் கிடையாது.

துண்டறிக்கையைத் தட்டச்சு செய்கிறவரும் அக்காதான். வரியைப் படித்துவிட்டு விரலை எடுத்துவிட்டார்.

“ஏன் தம்பி, நான் கிடையாதுன்னு நானே அடிக்கணுமா?”

“ஒரே ஒரு தடவை அக்கா. டிக்கெட் போகட்டும். அடுத்த நாடகத்துல உங்க பேரை முதல்ல போட்டுடறேன்.”

அக்கா சிரித்துக்கொண்டே அடித்துக் கொடுத்தார். டிக்கெட் பறந்தது. அப்புறம் அந்த வரியை எடுக்க யாருக்கு மனசு வரும்? அடுத்த பதினோரு வருஷமும் எல்லா அறிக்கையிலும் அது இருந்தது. விருது கொடுத்த அன்று வாசித்த பாராட்டுப் பத்திரத்திலும் இருந்தது. அக்காவும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. தூதுவர் தனக்குத் தோதாக, அக்கா மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்.

விருதுக்குப் பின்னால் கலாசாரத் துறையில் வேலை வந்தது. மனைவி நிம்மதியாக மூச்சு விட்டாள். மேசை, நாற்காலி, மின்விசிறி, கூப்பிட்டால் வருவதற்கு ஆள். கோப்பைப் படித்துக் கையெழுத்துப் போடலாம், எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். தூதுவர் நல்ல அதிகாரி என்றே பேரெடுத்தார். வயதான கலைஞர்களுக்கென்று துறை ஓர் இல்லம் நடத்துகிறது. பன்னிரண்டு அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், ஒரு சன்னல், தனிக் குளியலறை. அதில், மேடையில் கூட்டத்தோடு கூட்டமாகக் கோஷம் போட்டவரெல்லாம் நடிகர் என்று சொல்லி நுழையப் பார்த்தார்கள். சேர்ந்த முதல் வருஷமே தூதுவர் விதி எழுதினார். விண்ணப்பிக்கிறவர் பெயர் அச்சான துண்டறிக்கையோ பத்திரிகைச் செய்தியோ மூன்று வேண்டும். சக கலைஞர்களின் பரிந்துரைக் கடிதம் செல்லாது. நடிகர்களைப் பற்றி அவருக்குத் தெரியாதா, கேட்டவனுக்கெல்லாம் கடிதம் கொடுத்துவிடுவார்கள். ஓட்டை ஒடிசல் இல்லாத விதி என்று மேலிடம் பாராட்டியது.

அவர் ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கும்போது அக்காவின் விண்ணப்பம் வந்தது.

அக்காவுக்கு அறுபத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் வேலை பார்த்த தட்டச்சுப் பயிற்சி நிலையத்தை மூடி, இயந்திரங்களை எடைக்குப் போட்டுப் பல வருஷம் ஆயிற்று. இருபது வருஷமாக இருந்த மாடி அறையை, வீட்டுக்காரர் இடித்துக் கட்டப் போகிறார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். முழங்கால் தேய்ந்து, மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறார். இல்லத்தில் தரைத்தளத்தில் ஓர் அறை காலி. அது கிடைக்காவிட்டால் வேறு ஊரில் இருக்கிற சித்தி மகள் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

கோப்பைக் கொண்டுவந்தவள் பிரிவு எழுத்தர். கறார்ப் பேர்வழி, ஆனால் கெட்டவள் இல்லை.

“சார், இது உங்க குழுவுல இருந்தேன்னு ஒரு அம்மா கொடுத்தது. பேர் எங்கயும் வரலை. சரி, நாமளே தேடிப் பார்ப்போம்னு நூலகத்துல இருந்து உங்க பழைய அறிக்கை எல்லாம் எடுத்தேன். இங்க பாருங்க, எல்லாத்துலயும் பிராம்டர் கிடையாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு.”

தூதுவர் கோப்பை வாங்கி மூடினார். “வெச்சுட்டுப் போங்க, பார்க்கிறேன்” என்றார்.

என்ன பார்த்தார்? ஒன்றும் பார்க்கவில்லை. கோப்பை இழுப்பறையில் போட்டுப் பத்து நாள் பூட்டி வைத்தார். உண்மையைச் சொன்னால் விருது சிரிக்கும், மௌனம் சிரிக்கும், ஊரே சிரிக்கும். சொல்லாவிட்டால் அக்கா கூடத்தில் பாயில் படுப்பார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்களும் நானும் கேட்கலாம். கேட்பது சுலபம். இடையில் பழைய நடிகர்கள் இரண்டு பேருக்குத் தொலைபேசியில் பேசினார், அவர்களாவது சேர்ந்து வந்து சொன்னால் தலைவலி மூன்றாகப் பிரியுமே என்று. மன்னராக நடித்தவருக்கு எண்பத்தொரு வயது. எடுத்த எடுப்பிலேயே கோபம் வந்துவிட்டது.

“பிராம்டா? எனக்கா? உனக்குக் கொடுத்திருப்பாங்க. நான் என்னைக்குய்யா திரைப் பக்கம் காதைக் கொடுத்தேன்?”

வக்கீலாக நடித்தவரும் அதையேதான் சொன்னார். அந்த ஆளுக்கு மூன்றாம் காட்சி முழுவதையும் அக்காதான் ஊட்டிவிட்டார் என்பது தூதுவருக்குத் தெரியும். ஆனால் வசனத்தை மறந்தேன் என்று ஒப்புக்கொள்ளும் நடிகன் இன்னும் பிறக்கவில்லை.

பத்தாவது நாள் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். அவள் தட்டை நகர்த்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

“எனக்குக் கல்யாணமான புதுசுல இருந்தே தெரியும். தூக்கத்துல ‘அக்கா, அடுத்தது என்ன’ன்னு கேட்பீங்க. ஊருக்குத் தெரிஞ்சா என்ன இப்போ? அந்தம்மா இல்லைன்னா இன்னும் துணிதான் கிழிச்சுக்கிட்டு இருப்பீங்க. போய்ச் சொல்லுங்க.”

மறுநாள் அவர் கோப்பில் கைப்பட எழுதினார். இவர் இருபத்து நான்கு வருஷம் எனக்கு வசனம் எடுத்துக் கொடுத்தார், அறிக்கையில் நான் அச்சிட்டது பொய். எழுதி முடித்தபோது மனசு லேசாக இருந்தது. எழுத்தர் வாசித்துவிட்டுக் கண் கலங்கினாள்.

“யாருக்கு சார் இந்த மனசு வரும்? ஒரு ஏழை அம்மாவுக்காக உங்க பேரையே கெடுத்துக்கிறீங்களே. ஆனா சார், பரிந்துரைக் கடிதம் செல்லாது. நாலாவது விதி.”

“இது பரிந்துரை இல்லைம்மா. ஒப்புதல் வாக்குமூலம்.”

“விதியில அப்படி ஒரு வகையே இல்லையே சார்.”

விதியை எழுதியவர் யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. கடைசியில், தேர்வுக் குழு அக்காவை நேரில் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்ததும் அவள்தான்.

குழுவுக்குத் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி. உறுப்பினர்கள் இரண்டு பேர், செயலாளர் தூதுவர், குறிப்பெடுக்க எழுத்தர். நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், சுவரில் மந்தமாக ஓடும் கடிகாரம். அக்கா ஒரு துணிப்பையோடு வந்து, நீதிபதிக்குப் பக்கத்தில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பையிலிருந்து சாட்சி நாடகத்தின் பிரதியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு: இங்கே தம்பி நிற்பான். இங்கே மூச்சுக்கு விடணும். நீதிபதி புரட்டிப் பார்த்தார்.

“இதுல உங்க பேர் எங்கம்மா இருக்கு?”

“பேரு எதுக்குங்க? எனக்குப் படிக்கிறதுக்குத்தானே எழுதிக்கிட்டேன்.”

“பென்சில்ல யார் வேணும்னாலும் எழுதலாமே” என்றார் ஓர் உறுப்பினர், மரியாதையாகத்தான்.

தூதுவர் எழுந்தார். எல்லாவற்றையும் சொன்னார். கோட்டை விழுந்ததிலிருந்து அறிக்கை வரை, எதையும் பூசி மெழுகாமல் சொன்னார். வாழ்நாளில் யாரும் எடுத்துக் கொடுக்காமல் அவர் தடையின்றிப் பேசிய முதல் நீண்ட வசனம் அதுவாகத்தான் இருக்கும். நீதிபதி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“சார், நான் முப்பது வருஷம் சாட்சிகளைப் பார்த்தவன். மூஞ்சியைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிச்சுடுவேன். நீங்க இந்தம்மா மேல இருக்கிற இரக்கத்துல சொல்றீங்க. நல்ல பொய். ஆனா பொய். அந்த நாடகத்தை நான் நாலு தடவை பார்த்தேன். மூணாவது வரிசை. ஒரு சின்ன சத்தம் கேட்கலை.”

“கேட்காது சார். அதான் அவங்க வேலை!”

“எனக்கு நல்ல காது.”

தூதுவருக்குத் திடீரென்று ஒரு யோசனை தோன்றியது. நடித்துக் காட்டுகிறேன், எந்த இடத்தில் நிற்பேன் என்று நீங்களே பாருங்கள் என்றார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகைக் கூண்டுக் கம்பியாகப் பிடித்துக்கொண்டார். அந்த இடம் வந்ததும் அப்படியே நின்றுவிட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும், இவர்களே சலித்துப்போய் ‘அடுத்து என்ன’ என்று கேட்கும் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் திட்டம். நீதிபதி உற்சாகமாக, தானே வக்கீல் வசனத்தைச் சொன்னார்.

“நீ பார்த்ததைச் சொல்.”

தூதுவர் நின்றார். வசனம் அவருக்குத் தெரியும், இந்த ஒரு தடவை நன்றாகவே தெரியும். ஆனாலும் நின்றார். அறை அடங்கியது. எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தாள். ஓர் உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றினார். இன்னும் கொஞ்சம் நேரம்தான், இதோ கேட்டுவிடுவார்கள் என்று எண்ணியபடி அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

“பார்த்தேன் ஐயா” என்றது அக்காவின் குரல். உதடு அசைந்ததா என்றுகூடச் சொல்ல முடியாது.

அவர் வாய் அவரைக் கேட்கவில்லை. “பார்த்தேன் ஐயா. பார்த்துவிட்டுத்தான் இத்தனை நாளும் வாய் திறக்காமல் இருந்தேன்.” சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாக அவர் அதைச் சொன்னதே இல்லை.

மேசை முழுக்கக் கைதட்டல். நீதிபதி எழுந்தே நின்றுவிட்டார்.

“அடேயப்பா! அதே மௌனம்! இந்த வயசுலயும் ஒரு எழுத்து பிசகலை. இவருக்குப் போய் பிராம்டராம்!”

“இப்போ எடுத்துக் கொடுத்தாங்க சார்! உங்க பக்கத்துல உட்கார்ந்துதானே சொன்னாங்க, கேட்கலையா?” தூதுவர் கத்தினார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. எழுத்தர் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா, கேட்டுச்சா இல்லையா?”

எழுத்தர் தலை குனிந்துகொண்டாள். “இல்லை சார்” என்றாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அழுகிற அதிகாரிக்கு ஒருவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார்.

வெளியே நடையில் பெஞ்சில் அக்கா காத்திருந்தார். தூதுவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். 

“ஏன் அக்கா எடுத்துக் கொடுத்தீங்க? சும்மா இருந்திருந்தா நம்பியிருப்பாங்க. நான் வேணும்னுதானே நின்னேன்.”

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“வேணும்னா நின்னே?”

“ஆமாக்கா.”

“எனக்கு எப்படித் தெரியும் தம்பி? நீ நின்னே, மூச்சு விட்டே. அவ்வளவு பேர் முன்னாடி உன்னை எப்படி விட்டுட்டு இருப்பேன்?” முழங்காலைத் தடவிக்கொண்டார். “சரி விடு. ஆகிறது ஆகட்டும்.”

“எங்க வீட்டுக்கு வாங்கக்கா. அவளும் சொல்லச் சொன்னா.”

“அவ நல்லவ. ஆனா நான் கேட்டது ஒரு அறை தம்பி, உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கிற மாதிரி. சோறு போடுறதுக்குத்தான் சித்தி பொண்ணும் கூப்பிடறாளே.” எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தார். “ஒரு உதவி பண்ணு. முடிவை எழுதினதும் கையிலேயே கொடுத்துடு. தபால்ல போட்டா போய்ச் சேராது. அந்த விலாசத்துல இனி எத்தனை நாள் இருக்கப் போறேன்?”

அரைமணி நேரத்தில் எழுத்தர் அடித்துக் கொண்டுவந்தாள். மேடைக் கலைஞர் என்பதற்கு அச்சுச் சான்று ஏதும் இல்லாததால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று இருந்தது. தூதுவர் கையெழுத்திட மறுத்தால் துணை இயக்குநர் போடுவார், முடிவு மாறாது. அது அவருக்குத் தெரியும். போட்டார். வெளியே கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்காவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

அக்கா பழக்க தோஷத்தில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை படித்தார். மேலே விண்ணப்பதாரர் என்று தன் முழுப் பெயர், கீழே இணை இயக்குநர் என்று தூதுவரின் பெயர். பதினோரு வருஷத் துண்டறிக்கைகளில் நடக்காதது, இரண்டு பெயரும் ஒரே தாளில் அச்சாகியிருந்தன.

“பிழையில்லாம அடிச்சிருக்கா பொண்ணு” என்றார் அக்கா. தாளை மடித்துப் பிரதிக்குள் செருகிக்கொண்டு, படியிறங்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.